ரேடாரில் விழுந்த சொம்பு

அன்று களத்தில் இருந்தவர்கள்: மார்த்தா, ஜெர்மனிக்கார இன்ஜினீயர். சுலைமான், ஓமான் சூப்பர்வைசர். ஏழுமலை, சதுரங்கப்பட்டினத்துக்காரன், குழி வெட்டுபவன். நான், ஊரப்பாக்கம், அதே வேலை. பிறகு ஆறு சக்கர வண்டி ஒன்று. அதையும் ஓர் ஆளாகவே சேர்த்துப் பழகிவிட்டது.

இந்த ஓமான் பாலைவனத்தில் நாங்கள் செய்யும் வேலையை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். நாங்கள் புதைக்கிறோம், வண்டி தேடுகிறது. கருங்கல், சுண்ணாம்புப் பாறை, களிமண் பாளம். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் வண்டிக்கு இது ஒத்திகை. அதன் வயிற்றில் ரேடார் இருக்கிறது. மண்ணுக்குள் அலை அனுப்பும். ஏதாவது தட்டுப்பட்டால் திரையில் தொங்கு மீசை மாதிரி ஒரு வளைவு விழும். எங்கள் மாமல்லபுரம் கரையில் இது செல்லாதாம். உப்புத் தண்ணீர் ஊறிய மணல் அலையைக் குடித்துவிடும் என்றார் மார்த்தா. இங்கே மண் காய்ந்தது. எதையும் ஒளிக்காது.

அன்று காலை வெறும் குழி மேல் மீசை விழுந்தது. வெட்டி, ஒன்றும் வைக்காமல் மூடிய குழி அது. மார்த்தா வண்டியைத் திருப்பி ஓட்டினார். மறுபடியும் மீசை. அவர் முகம் சிவந்தது. ரேடார் பொய் சொல்கிறதென்றால் வண்டியைப் பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டு முகாமை மூட வேண்டியதுதான் என்றார் சுலைமான். ஏழுமலை மண்வெட்டியைப் பிடித்திருந்த பிடியிலேயே இது அவன் வேலை என்று எனக்குப் புரிந்துவிட்டது. கிட்டே போய்க் கேட்டேன்.

"இன்னாடா கீது உள்ள?"

"சொம்பு, மச்சான். மஞ்சத்துணி சுத்தி வெச்சேன்."

"சாவிக்கொத்துகூட எட்த்துனு எறங்கக் கூடாதுன்னு சொன்னாங்களே, பேமானி!"

"நீயுந்தான அதுல எறங்குன? ஒனக்கு ஒண்ணும் ஆவலையே."

இங்கே வருவதற்கு முன்பு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு ரிசார்ட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினோம். நான், ஏழுமலை, அவன் அண்ணன். இடுப்புக்கு மேல் ஆழம் போகும் குழியென்றால் அடியில் காவலுக்கு ஒரு செம்புச் சொம்பு வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்வோம். அன்று மேஸ்திரி அவசரப்படுத்தினார். வைக்கவில்லை. மதியம் மணல் சரிந்தது. கையாலேயே தோண்டினோம். அண்ணன் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியாமல் தோண்டினோம். கிடைத்தபோது மூச்சு இல்லை.

இப்போது ஏழுமலையே மார்த்தா முன்னால் போனான். "மேடம், மெஷின் நல்லாத்தான் கீது. நான்தான் வெச்சேன்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஏன் என்று கேட்டார் மார்த்தா.

"அண்ணன் மண்ணுல பூட்டாரு."

அண்ணன் மண்ணுக்குள் போய்விட்டார் என்று அதையும் சொன்னேன். சொம்புக்குள் அண்ணனின் சாம்பல் என்று நினைத்துவிட்டார் மார்த்தா. தொப்பியைக் கழற்றினார். உள்ளே சாம்பல் இல்லை, ஒரு ரூபாய்க் காசு என்று சொல்ல வாயெடுத்தேன். ஏழுமலை என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"வுடு மச்சான். அதுவும் சரிதான்."

தோண்டி எடுக்கட்டுமா என்று கேட்டார் சுலைமான். மார்த்தா வேண்டாம் என்றார். யாரும் சொல்லாததை வண்டி கண்டுபிடித்திருக்கிறது, இருக்கட்டும் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டார். ஆழம் ஒரு மீட்டர் நாற்பது. வண்டி தப்பியது. முகாம் தப்பியது. ஆனால் விதி விதிதான் என்று சுலைமான் ஏழுமலையை ஊருக்கு அனுப்பிவிட்டார். அவனை ஏற்றிவிடப் போனபோது என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் குழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது கல்பாக்கம் பக்கம் கேபிள் பள்ளம் வெட்டுகிறான். இங்கே அவன் இல்லாமல் நான் இறங்குகிறேன். இறங்கும் முன் அந்த வெறும் குழிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை போன் செய்வான். இங்கே லீவு என்று அவனுக்குத் தெரியும்.

"வண்டி அது மேல போச்சா?"

"போச்சு."

"சொம்பு கீதா?"

"கீது."

"அதே ஆழமா?"

காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. நேற்று திரையில் பார்த்ததைச் சொன்னேன்.

"ஒரு மீட்டர் அறுபத்திரண்டு."