அரும்பாவூரில் நான் தேய்த்த மூடி

அரியலூரில் காலை எட்டு மணிக்குப் பெரம்பலூர் பஸ் ஏறினேன். மடியில் துணிப்பை, அதற்குள் நான் செய்த ரெசின் தட்டு. அரும்பாவூரில் கலைவாணியைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அவள் வேலையில் குறை தேடப் போகிறேன் என்பதைச் சொல்லவில்லை.

திருச்சியில் நாங்கள் இருவரும் ஒரே பயிற்சி வகுப்பில் இந்த வேலையைக் கற்றவர்கள். செடி எண்ணெயிலிருந்து எடுத்த ரெசின் என்ற தெளிந்த பிசினை அச்சில் ஊற்றி, இலை, பூ பதித்து, இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவோம். போன மாதம் திருச்சிக் கடையொன்று இருவர் பொருளையும் வாங்கியது. அவளுடையதை வாசல் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். என்னுடையது கீழ்த்தட்டில், ஊதுபத்திக்குப் பக்கத்தில். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பஸ் போனது. குன்னத்துப் பக்கம் வெங்காயம் போட்டிருப்பதாகச் சொன்ன அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் தட்டை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. மேல மட்டும் ஏன் புகை புடிச்சாப்ல இருக்கு?"

தட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெரம்பலூரில் மாறி டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. பச்சைமலை பக்கத்தில் வர வர, மரச்சிற்பப் பட்டறைகளின் உளிச் சத்தம் கேட்டது. அவற்றில் ஒன்றில்தான் கலைவாணியின் கணவர் வேலை செய்கிறார். மிஞ்சும் மரத்துண்டுகளை அவளுக்குக் கொண்டுவந்து தருகிறார். வீட்டுப் பின்னால் தகரக் கொட்டகையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் நான் தேய்க்க உட்கார்ந்தாலே தூசி என்று கதவைச் சாத்துவார்கள். இறங்கி அவள் வீட்டுக்குப் போனதும் முதலில் அந்தக் கொட்டகையைத்தான் பார்த்தேன்.

"வாங்கக்கா, வாங்க!" முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஓடி வந்தாள். ஒரு கல்யாண வீட்டுக்காக, அந்த மரத்துண்டுகளில் செய்த இருபது குங்குமப் பெட்டிகள். மறுநாள் காலை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ரெசின் மூடியிலும் ஒரு கொன்றைப் பூ, தண்ணீருக்குள் மிதப்பதுபோல.

"எப்புடித் தேய்க்கிற?" என்றேன், போகிறபோக்கில் கேட்பதுபோல.

அவள் எதையும் மறைக்கவில்லை. "தண்ணியிலதான்க்கா. தூசி பறக்காது. இருநூத்தி இருவதாம் நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு நம்பரா ஏறணும். நடுவுல ஒண்ண உட்டா, பழைய கீறல் அப்புடியே நின்னுடும்." கலங்கிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் துணியில் வடிகட்டி, வண்டலைக் காயவைத்திருந்தாள்.

என் தட்டின் புகை எதனால் என்று புரிந்தது. நான் நடுவில் இரண்டு நம்பரைத் தாண்டுகிறவள்.

"நானும் ஒண்ணு தேய்க்கட்டா?"

கொடுத்தாள். பக்கத்தில் அவள் கை நிதானமாகச் சுற்றியது. அவளுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற வெறியில் அழுத்தினேன். விரலில் ஏதோ சொரசொரவென்று பட்டது. பார்த்தால், ரெசின் தேய்ந்துபோய்ப் பூவின் இதழ் கிழிந்திருந்தது.

"ஐயோ அக்கா! அப்புடி என்ன அவசரம் உங்களுக்கு?" அவள் குரல் உயர்ந்தது.

"உனக்கு முந்தி முடிக்கணும்னு தேய்ச்சேன்" என்றேன். பொய் எதுவும் வாயில் வரவில்லை.

அவள் மூடியைக் கழுவித் துடைத்தாள். "நீங்க சும்மா பாக்க வரலேன்னு வாசல்லயே தெரிஞ்சுதுக்கா. பையில தட்டு விளிம்பு எட்டிப் பாக்குது, நீங்க காட்டவே இல்லியே."

தெரிந்துகொண்டேதான் அத்தனையும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

உபரியாக வார்த்து வைத்திருந்த ஒரு மூடியை எடுத்து வந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு அதை அவள் சொன்ன நம்பர் வரிசையில் நானே தேய்த்தேன். வெளிச்சத்தில் மூன்று முறை சாய்த்துப் பார்த்தாள். பிறகு மற்றவற்றோடு வைத்தாள்.

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் கேட்டார்: "எப்புடி, அந்தப் பொண்ணு வேலை?"

"பரவால்ல" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"என்னோடதவிட நல்லா இருக்கு" என்றேன். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, தட்டோடும் உப்புத்தாளோடும் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன்.