இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு லீவு

பிள்ளைகள் குறைஞ்சுபோன அரசுப் பள்ளியை மேல கொண்டுவரணும்னா, எங்க தொழில்ல முதல்ல வாங்குறது பெயின்ட் டப்பாதான். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியராப் போன நானும் அதைத்தான் செஞ்சேன். சக தலைமையாசிரியர்களே, சிரிக்காதீங்க, உங்க யோக்கியதையும் எனக்குத் தெரியும்.

சுவத்து ரயில்

வெளிச்சுவர் முழுக்க ரயில் வரைஞ்சு, ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு ஆத்திசூடி எழுதி வச்சோம். ஊரே வந்து பார்த்துச்சு. எனக்குத் தலைகால் புரியலை.

நாலாம் வகுப்புப் பாண்டியம்மாளோட அம்மா, கப்பலூர்ல கம்பெனி வேலை பார்க்கிறவங்க, வேனுக்குப் போற வழியில நின்னு மகளை வாசிக்கச் சொன்னாங்க. அவ முதல் எழுத்தோட முழிச்சுக்கிட்டு நின்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு, ஆனா கோவம் என்னமோ அந்தம்மா மேலதான் வந்துச்சு. அவங்க சத்தம்கூடப் போடலை.

"செவுரு நல்லாத்தேன் சார் இருக்கு. இத எம்புள்ள எப்ப சார் வாசிக்கும்?"

காய்ச்சல்

'இந்த வருஷத்துக்குள்ள வாசிக்க வச்சிர்றேன்'னு வீறாப்பா வாக்குக் குடுத்துட்டேன். தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் அவளோட உக்காந்தேன். மெல்ல எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சா. அந்த நேரம் பார்த்து மாவட்டத்துல இருந்து இன்ஸ்பெக்‌ஷன் வாராங்கன்னு தகவல் வந்துச்சு.

அப்போ நம்ம வழக்கம் தெரியுமில்ல? நல்லா வாசிக்கிற பிள்ளைக முன் வரிசை, திக்குற பிள்ளைகளுக்கு அன்னைக்கு லீவு. "வரட்டும் சார், இப்பத்தானே தேறி வாரா"ன்னு உதவி ஆசிரியை ராணி டீச்சர் கெஞ்சுனாங்க. "பள்ளி பேரு கெட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"ன்னு எரிஞ்சு விழுந்தேன். நானே பாண்டியம்மாளைக் கூப்பிட்டு, "நாளைக்கு வர வேணாம் தாயி, காய்ச்சல்னு லீவு போட்டுக்கிறேன்"னேன். அவ தன் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா.

"எனக்குக் காய்ச்சல் இல்லையே சார்."

பாராட்டு

வந்த அதிகாரி யாரை எழுப்பினாலும் பிள்ளைக கடகடன்னு வாசிச்சாங்க. மனுசனுக்கு அம்புட்டு சந்தோசம். என் கையைப் பிடிச்சுக் குலுக்குனார். 'ஐயா, ஒரு பிள்ளை வீட்ல இருக்கு'ன்னு அந்த நிமிசமே சொல்லியிருக்கலாம். ராணி டீச்சர் என்னையே பார்த்தாங்க, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவர் காரில் ஏறும்போது சொன்னது இது:

"வாசிக்கத் திணறுற பிள்ளைகளுக்குன்னே ஒரு டீச்சர் போடலாம்னு வந்தேன் சார். உங்களுக்குத் தேவைப்படாது, பக்கத்து ஊருக்குக் குடுத்திடுறேன்."

புத்தக வேன்

ஒரு மாசம் கழிச்சு, இலவசப் புத்தகம் இறக்க ஒரு வேன் வந்துச்சு. ஹாரன் சத்தம் கேட்டதும் பாண்டியம்மா பையை மாட்டிக்கிட்டு வாசலுக்கு நடந்தா. நான் ஓடிப்போய் மறிச்சேன். அவ அழுகலை, கோவிச்சுக்கலை. எனக்கு உதவி பண்ற மாதிரி மெதுவா சொன்னா. அந்த இடத்துலயே கூனிக் குறுகிப் போனேன்.

"யாரோ வந்துட்டாங்க சார், அவங்க பார்க்கிறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போறேன்."

'முன்மாதிரிப் பள்ளி'ன்னு அந்த அதிகாரி குடுத்த போர்டு வாசல்ல தொங்குது. இப்பவும் சாயங்காலம் அவளோட உக்காருறேன், ஆனா அந்தப் போர்டை அவ எழுத்துக் கூட்டி வாசிச்சு முடிக்கிற அன்னைக்கு என் முகத்தை எங்க கொண்டுபோய் வச்சுக்கப் போறேனோ தெரியலை.