காரைக்காலில் ஜெர்மன் முதல் பாடம்

1983 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை. பேரளம் ஜங்ஷனில் காரைக்கால் ரயில் புகைவிட்டுக்கொண்டு நின்றது. காரைக்காலுக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர்தான். ஆனால் வண்டி கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை. எனக்கிருந்த உற்சாகத்தில் எஞ்சினுக்குப் பதிலாக என்னைப் பூட்டியிருந்தால் நானே இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் என் பெட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "இந்த வண்டில ரெண்டு கூட்டந்தாம்மா போவும். ஒண்ணு எள்ளு முடிச்சோட திருநள்ளாத்துக்கு. இன்னொண்ணு காலிப் பையோட காரைக்காலுக்கு, சரக்கு வாங்க. நீ எந்தக் கூட்டம்?"

"ஜெர்மன் பாஷை சொல்லிக்கொடுக்கப் போறேங்க."

"காரைக்கால்ல பிரெஞ்சுல்ல பேசுவாங்க?" என்றார். வண்டி மாறி ஏறிவிட்டேனோ என்று அவருக்கு என்மேல் உண்மையாகவே கவலை.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது ஐதராபாத்தில் முதுகலைப் படிப்பில் இருந்தேன். ஜெர்மன் இலக்கியம் அல்ல. ஜெர்மனை அயல்மொழிக்காரர்களுக்குக் கற்பிப்பது எப்படி என்கிற படிப்பு. கடைசித் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொருவரும் எங்காவது போய், ஜெர்மன் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களாகப் பார்த்து, நான்கு வாரம் வகுப்பு நடத்தி அறிக்கை எழுத வேண்டும். வகுப்பில் ஜெர்மனைத் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்பது பேராசிரியரின் கட்டளை. உடன்படித்தவர்கள் மருந்துக் கம்பெனி அதிகாரிகளைத் தேடி அலைந்தார்கள். எனக்கு விடுதித் தோழி ஒருத்தி புதையலைக் காட்டினாள். அவள் காரைக்கால்காரி. அங்கே பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேருவார்கள். அந்தப் பட்டாளத்தின் முகாம்கள் பல ஜெர்மனியில் இருக்கின்றன. பின்னாலேயே போகிற மனைவிமார்களுக்குக் கடைத்தெருவில் ஜெர்மன் வேண்டும். "எங்க சித்தி மருமகளே இப்ப கிளம்பிக்கிட்டு இருக்கா" என்றாள். அன்றே கடிதம் போட்டேன்.

திருநள்ளாறில் எள்ளு முடிச்சுக்கூட்டம் மொத்தமும் இறங்கிக்கொள்ள, பெட்டியில் காற்று வந்தது. காரைக்காலில் இறங்கியதும் ரிக்ஷாக்காரர் மாதா கோயிலுக்குப் பின்புறம் போக மூன்று ரூபாய் கேட்டு, இரண்டுக்கு வந்தார்.

தோழியின் சித்தி ஞானம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க டீச்சர், வாங்க. வெயில்ல வாடிப் போயிட்டீங்களே!" பின்னாலேயே அவர் கணவர் ஆரோக்கியசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர். தேய்த்த சட்டை, நிமிர்ந்த முதுகு. "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லிவிட்டு, "மீன் சாப்புடுவீங்கல்ல?" என்று கேட்டார். மருமகள் ரோஸ்லின் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். பக்கத்துக் கிராமமான விழிதியூரில் விவசாயக் குடும்பத்துப் பெண், இருபத்தோரு வயது. ஜனவரியில் கல்யாணம். மாதம் முடிவதற்குள் மாப்பிள்ளை, இவர்கள் மகன் சேவியர், ஜெர்மனியில் இருக்கும் தன் முகாமுக்குத் திரும்பிவிட்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆரோக்கியசாமி விஷயத்தை நேராக வைத்தார். "ஜூன் கடைசில டிக்கெட்டு. பிராங்க்பர்ட்டுல எறங்கி, ரயிலேறி, கோப்ளென்ஸுல வண்டி மாறி, ட்ரியர் போவணும். அவன் பயிற்சிக்குக் காட்டுக்குப் போயிருப்பான், ஸ்டேஷனுக்கு வர முடியாது. இந்தப் பொண்ணு தனியா போய்ச் சேருவான்னு எனக்கு நம்பிக்கை வரணும் டீச்சர். வரலன்னா டிக்கெட்ட ரத்து பண்ணிடுவேன். அடுத்த வருஷம் அவன் லீவுல வந்து கூட்டிக்கிட்டுப் போவட்டும்."

ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று மாலை துணி மடிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "இன்னும் ஒரு வருஷம்னா எனக்கு அவுங்க மொகமே மறந்துடும் டீச்சர். எப்புடியாவது என்னைத் தேத்தி விட்டுடுங்க." என் தேர்வு எனக்குச் சட்டென்று சின்னதாகப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு. ரோஸ்லினோடு அக்கம்பக்கத்துப் பட்டாளத்து மனைவிமார் நான்கு பேர் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஞானம்மாள் துணைக்கு என்று சொல்லிக்கொண்டு, மடியில் முறத்தோடு ஓரமாக இருந்தார். நான் "வீ ஹைசன் ஸீ?" என்று, அதாவது உங்கள் பெயர் என்ன என்று, கேட்டேன். "இஷ் ஹைஸெ ரோஸ்லின்!" என்று பதில் துள்ளி வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. கூடமே கலகலத்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வேகத்தில் பாடப்புத்தகத்தின் அடுத்த கேள்விக்குத் தாவினேன்: "வீ ஹைஸ்ட் ஈர் மான்?" உங்கள் கணவரின் பெயர் என்ன?

கூடம் அப்படியே அடங்கிவிட்டது.

புரியவில்லை போலிருக்கிறது என்று கல்யாணப் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டி, இன்னும் உரக்கக் கேட்டேன். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். அவள், "ரோஸ்லின் வூட்டுக்காரருன்னா சேவியருன்னு நான் சொல்லுவேன் டீச்சர். எங்க வூட்டுக்காரர் பேர அவள்ட்ட கேளுங்க" என்றாள்.

ஞானம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அது எங்க வாயில வராது டீச்சர்."

வெட்கமாகப் போயிற்று. திருச்சியில் என் அம்மாவும் ஒருநாளும் அப்பா பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். ஐதராபாத்தில் இரண்டு வருஷம் கற்பிக்கும் முறைகளைப் படித்த எனக்கு, இது எப்படித்தான் உறைக்காமல் போனதோ! பேராசிரியரின் கட்டளையை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தமிழிலேயே கேட்டேன்: "அப்ப ஆபீஸ்ல கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"கோவாவுல அழியாத ஒடம்பா இருக்காரே, அந்தப் புனிதர் பேரும்போம்" என்றாள் ரோஸ்லின். "எங்க அத்த, வேளாங்கண்ணி மாதா பேரும்பாங்க. நம்ம ஊருல புரிஞ்சுக்குவாங்க."

புனித சேவியர், ஆரோக்கிய மாதா என்று எனக்கும் புரிந்தது. கோப்ளென்ஸ் ஸ்டேஷனில் யார் புரிந்துகொள்வார்கள்? காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அன்று மதியம் ஆரோக்கியசாமியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பை தொலஞ்சா பேப்பரும் தொலஞ்சுது. வாய் தொலையாது. அதுல வரணும்."

அடுத்த நாட்களில் ரோஸ்லின் பறந்தாள். டிக்கெட், நடைமேடை, வண்டி எத்தனை மணிக்கு, கழிப்பறை எங்கே, எல்லாம் சரளம். அரிசி புடைத்துக்கொண்டே ஞானம்மாளும் எண்களை முணுமுணுத்தார். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ரோஸ்லினுக்கு அந்த ஒரு பதில் மட்டும் மசியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை இறுக மூடினால் "சேவியர்" என்பது என் காதுக்குள் விழும். ஆனால் பிரெஞ்சுப் பதிவில் அவன் முழுப்பெயர் சேவியர் ஆரோக்கியசாமி. மாமனார் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் முகாமில் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். "ஒண்ணே வராது. ரெண்டு எப்புடி டீச்சர் வரும்?" என்று அழுதாள்.

ஜூன் மாதம், நான்காம் ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வந்ததும் பரீட்சை. ஆரோக்கியசாமி பழைய பட்டாளத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மேஜைக்குப் பின்னால் கோப்ளென்ஸ் ஸ்டேஷன் அதிகாரியாக உட்கார்ந்தார். இரண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு அவரும் ஜெர்மனியில் இருந்தவர். கேள்விகளுக்கு வேண்டிய ஜெர்மன் அவரிடம் இருந்தது. நான் வகுப்பின் மற்ற நான்கு பெண்களோடு சுவரோரம் நின்றேன்.

எங்கே போகிறீர்கள்? ட்ரியருக்கு. எந்த நடைமேடை? எத்தனை மணிக்கு வண்டி? கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள், சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"வீ ஹைஸ்ட் ஈர் மான்?"

ரோஸ்லின் வாயைத் திறந்தாள். எதிரில் இருந்தது மாமனார். மூடிக்கொண்டாள். அவர் இன்னொரு முறை கேட்டார். அவள் கண்ணில் நீர்தான் வந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். குரலில் கோபமில்லை. "பாவம், பரவால்லம்மா. அடுத்த லீவுல அவனே வரட்டும்" என்று எழுந்தார்.

"மைன் மான் ஹைஸ்ட் ஆரோக்கியசாமி!"

சமையலறை வாசலில் ஞானம்மாள். கையில் கரண்டி. முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வியர்வை. என் கணவர் பெயர் ஆரோக்கியசாமி என்று, அதே கணவரின் முகத்தைப் பார்த்து, வீடு அதிரச் சொல்லியிருந்தார். நால்வரில் ஒருத்தி "மாதாவே" என்றாள்.

ஆரோக்கியசாமி எழுந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னா சொன்ன?"

"கேட்டீங்கல்ல, சொன்னேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஞானம்மாள் மருமகள் பக்கம் திரும்பினார். "பாதிய நான் சொல்லிட்டேன். மீதி என்னாடி, நீ சொல்லு!"

ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. "மைன் மான் ஹைஸ்ட் சேவியர் ஆரோக்கியசாமி" என்றாள். பிறகு அதே மூச்சில், இன்னும் உரக்க, மறுபடியும் ஒருமுறை. நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது, இரண்டையும் செய்திருப்பேன். ஆரோக்கியசாமி தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, இல்லாத முத்திரையை மேஜையில் ஓங்கிக் குத்தி, "பிட்டெ, அடுத்த ஆளு" என்று ஜெர்மன் மரியாதையோடு சொன்னார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கும்பகோணம் பஸ். அங்கிருந்து திருச்சி. ஞானம்மாளும் ரோஸ்லினும் வாசலில் நின்று வழியனுப்பினார்கள். ஆரோக்கியசாமி என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். வழிநெடுக எனக்கு எங்கள் வீட்டு ஞாபகம். அப்பா பெயர் ராஜகோபால். அதை அம்மா எந்தக் குரலில் சொல்லுவாள் என்று நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. நான் முதுகலை வரை வந்துவிட்டேன்; அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பெட்டியை உள்ளே கொடுத்துவிட்டும் ஆரோக்கியசாமி போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்கிறார்களா என்று அக்கம்பக்கம் பார்த்தார்.

"டீச்சர், அந்தப் பாடத்த தெனம் ஒருக்கா சொல்லிப் பாக்கணும்னு ஒரு லெட்டர் போட்டுடுங்க. நான் சொன்னா நல்லாருக்காது."

"ரோஸ்லின் இனிமே மறக்க மாட்டாங்க, கவலைப்படாதீங்க."

"அதுக்கு இல்ல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்க வூட்ல இருக்காங்களே, அவங்களுக்கு."