மூன்றாவது வாட்டி நிற்கக்கூடாத கார்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை என்று வாயெடுத்தால் கோவிந்தராசு பேரும் கூடவே வரும். மூன்றாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஊரான் கொட்டகையில் களிமண் மிதித்து, பிறகு சொந்தச் சூளை போட்டு, கார் வாங்குகிற அளவுக்கு வந்தவர். பழைய பெட்ரோல் அம்பாசடர்தான். ஆனால், "எங் கையத் தவிர வேற எவன் ஸ்பேனரும் இதுல பட்டதில்ல" என்று சொல்லும்போது அவர் மார்பு ஒரு சுற்றுப் பெருக்கும்.

அந்தப் பேச்சுதான் அன்றைக்கு அவரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

மகள் பாரதிக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணும் நாள். வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்த பெண், "இவரக் கட்டிக்கிறேம்பா" என்று தானாக வாய் திறந்தது கருவேப்பிலங்குறிச்சிப் பையன் ஒருவனுக்குத்தான். அவன் வீட்டார் வேனில் விருத்தாசலத்துக்கு முன்னே போய்விட்டார்கள். அவனுடைய அம்மா பெரியம்மாளை மட்டும், "சம்பந்தியம்மா எங் காருலதான் வரணும்" என்று இவரே போய் ஏற்றிக்கொண்டார். பல்லி சொன்னால் பயணத்தையே தள்ளிப்போடுகிற மனுஷி. மடியில் பூத்தட்டோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கார் இழுத்து இழுத்து விக்கியது. நின்றது.

கோவிந்தராசு பானெட்டைத் தூக்கி, கார்பரேட்டரை ஸ்பேனர் காம்பால் நாலு தட்டு தட்டினார். கார் கிளம்பிவிட்டது. "பாத்தீங்களா? எங் கை பட்டாப் போதும்!"

மறுபடி நின்றது.

பெரியம்மாள் பூத்தட்டைப் பார்த்தபடியே பேசினார். "ஒருவாட்டி நின்னா வண்டிக் கோளாறு. ரெண்டாவது வாட்டி நின்னா சாமி என்னமோ சொல்லுது. மூணாவது வாட்டி நின்னுச்சு, தட்டோட வூட்டுக்குத் திரும்பிடுவேன். தப்பா நெனைக்காதீங்க."

பின்கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். கண்ணாடியும் பாதிக்கு மேல் இறங்காது. உள்ளே அந்த அம்மாள் வெந்துகொண்டிருந்தார். வெளியே இவர்.

கார்பரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் பம்பின் கைப்பிடியை அமுக்கினார். பெட்ரோல் ஒரு துப்புத் துப்பிவிட்டு வறண்டது. அப்படியானால் கார்பரேட்டர் மேல் குற்றமில்லை. டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற குழாயைக் கழற்றி, வாய் வைத்துத் தம் கட்டி ஊதினார். டேங்கில் குடகுடவென்று சத்தம். மாட்டிவிட்டு அமுக்கினால் பெட்ரோல் பீய்ச்சியடித்தது. பம்பும் நல்ல பம்புதான்.

"குப்பைம்மா. ஊதித் தள்ளிட்டேன்" என்று வண்டியை எடுத்தார்.

கரும்புக் கொல்லைகள் முடிகிற இடத்தில் மூன்றாவது விக்கல் வந்தது.

கோவிந்தராசு ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தார். நிறுத்திப் பார்க்கவும் முடியாது, ஓட்டவும் வண்டி இடம் கொடுக்காது. பின்னால் அந்த அம்மாளின் மூச்சு பிடரியில் படுவதுபோல் இருந்தது. குப்பையை ஊதிவிட்டோமே, புதுக் குப்பை எங்கிருந்து வந்தது? இல்லை, ஊதியபோது உள்ளே போனது என்ன? காற்று.

பொட்டில் அடித்தமாதிரி இருந்தது. கொட்டகையில் தினமும் அவர் கத்துகிற கத்தல்தான் அது. கழுத்து குறுகின பொம்மை அச்சைக் கவிழ்த்து மிச்சக் களிக்குழம்பை வடிக்கும்போது, "சாச்சிப் புடிடா! காத்து உள்ள போனாத்தான் கொழம்பு வெளிய வரும்!" என்பார். டேங்குக்குக் காற்று போக மூடியில் ஊசித்துளை ஒன்றுதான் வழி. சூளைத் தூசி இறங்குகிறதென்று முந்தாநாள் அதைப் பசை வைத்து அடைத்தவர் சாட்சாத் கோவிந்தராசுவேதான்.

கார் கடைசி மூச்சை இழுத்தது. இடப்பக்கம் அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார் தெரிந்தார். ஸ்டியரிங்கை ஒடித்து, என்ஜின் சாகுமுன் சாவியைத் திருப்பி அணைத்தார்.

"சம்பந்தியம்மா, நல்ல காரியத்துக்குப் போறோம். புள்ளையாருக்கு ஒரு கற்பூரம் ஏத்திட்டுப் போயிடலாம்" என்று ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

அந்த அம்மாள் கும்பிடப் போனதும் டேங்க் மூடியைத் திருகினார். 'புஸ்ஸ்ஸ்' என்று டேங்க் காற்றை உறிஞ்சியது. கூடவே அவருக்கும் மூச்சு வந்தது. மூடியின் துளையை ஆணியால் குத்திப் பார்த்தார். அவர் வைத்த பசை, சூளையில் வெந்ததுபோல் இறுகிக் கிடந்தது. மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டேங்க் வாயில் கைக்குட்டையைக் கட்டினார்.

பெரியம்மாள் விபூதியோடு திரும்பி வந்தார்.

"அது என்னா, துணி கட்டியிருக்குது?"

"கண்ணுபடக் கூடாதுன்னும்மா."

அந்த அம்மாளின் பார்வை, இவருடைய புடைத்திருந்த சட்டைப்பையில் போய் நின்றது. "வண்டி நின்னுச்சா, நீங்க நிறுத்துனீங்களா?"

"நான்தாம்மா நிறுத்துனேன். புள்ளையாரு சாட்சி!" சாவியைத் திருப்பியது அவர் கைதானே.

பெரியம்மாள் ஏறி உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, எடுங்க, பூ வாடுது. அப்பறம், இந்தக் கதவ மொதல்ல உள்ளேருந்து தெறக்கற மாதிரி பண்ணுங்க. நாளைக்கி எம் மருமவளும் இதுலதான வரப்போவணும்?"