பின்கதவு லாக்

புதுக்கோட்டை ஷோரூமில் நான் கார் விற்றபோது வந்தவர் அவர். சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். மைலேஜ் கேட்கவில்லை, சன்ரூஃபை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பின்சீட்டில் ஏறி, சைல்டு லாக்கைப் போடச் சொல்லி, கதவை உள்ளிருந்து மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. முகம் தெளிந்தது.

"வீட்ல சின்னப் பிள்ளைக இருக்காங்களா சார்?"

"இல்லைங்க. வீட்டுக்காரிக்குத்தான். திருமயம் தாண்டிப் போயிக்கிட்டு இருக்கயில கதவத் தொறந்துட்டா."

லாக்கை எப்படிப் போடுவது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தேன்.

டெலிவரி அன்று சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். அவர் மனைவி பின்னால் ஏறினார். இவர் லாக்கைப் போட்டுக் கதவைச் சாத்தினார். பழங்கள் நசுங்கி வண்டி நகர்ந்தபோது, கண்ணாடிக்குள் அந்த அம்மாவின் கை கதவுப் பிடியை இழுத்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவியைக் காப்பாற்றத்தான் கேட்டாரா, இன்றும் தெரியவில்லை. லாக்கைப் போடக் கற்றுக்கொடுத்தவன் நான்.