மோட்டார் ரம்பம் வாங்கி வந்த மாசி மாதம்

பிள்ளைகளா, உங்களில் பெரியவளுக்கு மட்டும் இது கொஞ்சம் நினைவிருக்கலாம். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. தம்பி இடுப்பில் இருந்தான். சின்னவள் பிறக்கவே இல்லை. அறுபதுகளின் நடுவில், மார்கழியில் அந்தப் பெரும்புயல் அடித்து ஓய்ந்தபின் வந்த மாசி மாதம். உத்தரகோசமங்கைக்குத் தெற்கே நம் ஊரில் நடந்தது. உங்கள் அம்மா இதைச் சொல்லமாட்டாள். அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

புயலில் பனைகள் நூற்றுக்கணக்கில் விழுந்து கிடந்தன. அதைவிடப் பெரிய தொல்லை, கண்மாய்க் கரையில் நின்ற ஒரு புளியமரம். வேர் ஒரு பக்கம் கிளம்பி, பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரைமேல் சாய்ந்தாற்போல் நின்றது. பிள்ளைகள் இரண்டு மாதமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தார்கள். கோடாலிக்காரர்கள் கை வைக்கப் பயந்தார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் அதிரும், எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அப்போதுதான் ஊர் விவசாயிகள் சங்கத்தில் ஒரு மோட்டார் ரம்பம் வாங்குவது என்று முடிவானது. புளியமரத்தை அறுக்கலாம், விழுந்த பனைகளைத் துண்டு போடலாம், புஞ்சையில் மண்டிக் கிடக்கும் உடைமுள் மரங்களைக் கழிக்கலாம். தேர்ந்தெடுத்து வரும் பொறுப்பு என்னிடம் வந்தது. நம் கிணற்றில் ஆயில் என்ஜின் ஓட்டுகிறவன், எட்டாவது வரை படித்தவன் என்பதுதான் காரணம்.

மதுரையில் ஒரு கடையில் இரண்டு ரம்பங்கள் இருந்தன. ஒன்று நீளமானது, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடிக்க வேண்டும். மற்றது சின்னது, ஒருவரே பிடிக்கலாம். கடைக்காரர் நீளமானதைத்தான் காட்டிக் காட்டிப் பேசினார். நான் சின்னதைத் தூக்கி, இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணினேன். கை நடுங்கவில்லை. நீளமானதற்கு அறுபதிலேயே தோள் விட்டுப்போனது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, சூடேறியபின் ஒரு தடவை, இரண்டு தடவையும் கயிற்றை இழுத்துக் கிளப்பிக் காட்டச் சொன்னேன். சங்கிலிப் பல்லைத் தீட்டும் அரம் இராமநாதபுரத்தில் கிடைக்குமா, சங்கிலி அறுந்தால் எங்கே வாங்குவது என்றெல்லாம் கேட்டேன். "நீங்க ரம்பம் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று அவர் சிரித்தார்.

சின்னதையே வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் சொன்னதை வரிக்கு வரி மனத்தில் வாங்கிக்கொண்டேன். குனிந்து அறுக்கக்கூடாது, இடுப்பு உயரத்தில் அறுக்க வேண்டும். வேட்டி கட்டிக்கொண்டு தொடவே கூடாது. மண்ணும் மணலும் பட்டால் பல் மழுங்கும். இரும்பு பட்டால் சங்கிலி தெறிக்கும், தெறித்தால் பிடித்திருப்பவன் கழுத்தோ முகமோ தப்பாது.

ஊருக்கு வந்து அன்று சாப்பிடும்போது இதையெல்லாம் உங்கள் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். இரும்பு என்றதும் அவள் கை சோற்றில் நின்றது. நான் கவனித்தும் கவனிக்காதவன் போல என் கதையைத் தொடர்ந்தேன்.

மறுநாள் காலையில் கண்மாய்க் கரையில் ஊரே கூடிவிட்டது. நான் யாரிடமோ இரவல் வாங்கிய காக்கி டவுசரைப் போட்டுக்கொண்டு போனேன். மச்சான் முறையாகும் ஒருவர், நல்ல கோடாலிக்காரர், மரத்தில் கட்டிய வடத்தைப் பிடித்து நின்றார். என்னைப் பார்த்ததும் வாயை அடக்க முடியவில்லை அவருக்கு.

"யாருடா அது, ஏட்டையாவா வாராரு? மாப்ள, மரத்தை அறுக்கப் போறியா, அரெஸ்டு பண்ணப் போறியா?"

"நீ வடத்தை விடாமப் பிடி மச்சான், போதும்."

பட்டையில் ஒட்டியிருந்த மணலை ஈரச் சாக்கால் துடைத்தேன். இடுப்பு உயரத்தில் கரித்துண்டால் சுற்றிலும் கோடு போட்டேன். கயிற்றை இழுத்ததும் மூன்றாவது இழுப்பில் என்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைப் பார்த்து நின்றது கல்யாணத்தன்றுகூட இல்லை.

ரம்பத்தைக் கோட்டில் பதிக்க ஓர் எட்டு எடுத்து வைத்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உங்கள் அம்மா நேரே என் முன்னால் வந்து நின்றாள். தம்பியை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருந்தாள். நான் என்ஜினை அணைத்தேன்.

"அங்கன வைக்காதீங்க. உள்ள ஆணி இருக்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையை எழுத வேண்டும். "வீட்டுக்குப் போ. இங்கன என்ன வேலை ஒனக்கு?" என்றேன்.

சங்கத் தலைவரும், "ஏத்தா, பட்டையில ஒரு வடுவும் இல்ல, ஆணி எங்கருந்து வரும்? நீ எப்பப் பாத்த?" என்று கேட்டார்.

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டாள். மரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். கால் இரண்டையும் நீட்டினாள். ஒரு கையை உச்சந்தலைக்கு மேலே தூக்கிப் பட்டையில் வைத்தாள். விரல் பட்ட இடம் சரியாக என் கரிக்கோடு.

"கலியாணத்துக்கு முந்தி, பன்னெண்டு வயசுல என்னைய இங்கனதான் கொண்டாந்து இப்பிடி ஒக்கார வச்சாக. கோடாங்கி உச்சிமுடியைச் சுத்தி, மரத்துல வச்சு ஆணி அடிச்சான். பெறகு முடியை அறுத்துவிட்டான்."

பேய் ஓட்டும் கோடாங்கி ஒருவர் அந்தக் காலத்தில் நம் ஊரில் பேர்போனவராக இருந்தார் என்பதும், வெளியூரிலிருந்தெல்லாம் பெண்களைக் கூட்டிவருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எந்த மரம் என்று தெரியாது. அவர் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. உங்கள் அம்மாவும் அப்படி வந்தவள் என்பது, எட்டு வருஷம் அவளோடு குடும்பம் நடத்திய எனக்குத் தெரியாது.

மச்சான்தான் வடத்தைப் பிடித்தபடி கேட்டார்.

"தங்கச்சி, அப்ப ஒனக்குப் பேய் பிடிச்சிருந்துச்சா?"

"பேயும் இல்ல, பிசாசும் இல்லண்ணே. வாலிநோக்கத்து உப்பளத்துல உப்பு அள்ளிக்கிட்டு இருந்தோம். காலையிலருந்து ஒண்ணும் திங்கல. வெயில்ல மயங்கி விழுந்தேன். ஒரு வாய் கஞ்சி குடுத்துருந்தா எந்திரிச்சிருப்பேன்."

யாரோ சிரிக்கப் பார்த்தார்கள், யாரும் சேர்ந்துகொள்ளாததால் நின்றுவிட்டது.

நான் அரிவாளை வாங்கி அவள் காட்டிய இடத்தில் பட்டையைச் செதுக்கினேன். இரண்டு விரற்கடை ஆழத்தில் டங்கென்று பட்டது. துருவேறிய கொண்டை ஆணி. பக்கத்தில் செதுக்கினால் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. கோடு நெடுக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வயசான நாலைந்து பேர் கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு இது தெரியும். ஆணி இருக்கிறது என்று சொன்னால், அது யார் வீட்டுப் பெண்ணின் ஆணி என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்து என் கழுத்தை ரம்பத்துக்குக் கொடுக்கத் துணிந்துவிட்டார்கள். உங்கள் அம்மாவுக்கும் அதே பயம் இருந்திருக்கும், பெரிதாகவே இருந்திருக்கும். பேய் பிடித்தவள் என்று பேர் வந்தால் அது அவளோடு நிற்காது, பெரியவள் கல்யாணம் வரை வரும். தெரிந்துதான் வந்து உட்கார்ந்தாள்.

நான் கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டேன். ஊர் முன்னால் பெண்டாட்டியின் கையைப் பிடிப்பது அன்றைக்கு வழக்கமில்லை. பிடித்த கையை விடாமலே தலைவரைப் பார்த்து, "இவ சொன்ன எடத்துக்கு மேலதான் அறுப்பேன். வேற யாருக்காச்சும் வேற எடத்துல தெரிஞ்சா இப்பவே சொல்லிருங்க" என்றேன். தண்ணீரைப் பார்த்து நின்றவர்களில் ஒரு பெரியவர், "மார்புக்கு மேல இருக்காதப்பா" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

தோள் உயரத்தில் கோடு போட்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதில் நின்று அறுத்தேன். சுற்றிலும் பட்டையை உரித்துப் பார்த்த பிறகே ரம்பத்தை வைத்தேன். மச்சானும் மற்றவர்களும் வடத்தை இழுக்க, மரம் பள்ளிக்கூடத்தைத் தொடாமல் கண்மாய்ப் பக்கம் விழுந்தது. மறுநாளே பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அந்த ரம்பம் அதன்பின் பல வருஷம் ஊருக்கு உழைத்தது. நல்ல ரம்பம்தான், தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. எந்த இடத்தில் அறுக்கக்கூடாது என்பதைத்தான் நான் கடையில் கேட்டு வர முடியவில்லை.

வீட்டில், "நேத்தே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ராத்திரி முச்சூடும் சொல்லணும்னுதான் படுத்துருந்தேன். நீங்க என்ன சொல்வீகளோன்னு வாய் வரல" என்றாள். ஊரே நிற்கும் இடத்தில் சொல்ல முடிந்தது அவளுக்கு, என்னிடம் தனியாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு நான் பட்ட அடி அதுதான்.

ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ரம்பம் பிடித்தவன் என்று என்னைத்தான் எல்லோரும் சொன்னார்கள். ஊர் முன்னால் மரத்தடியில் உட்கார்ந்த அந்தப் பெண்ணின் புருஷன் என்பதுதான் இன்றுவரை எனக்குப் பெருமை.

தோள் உயரத்துக்கு அடிமரம் மட்டும் நின்றது. ஆணியைப் பிடுங்கினால் பேய் இறங்கி வந்துவிடும் என்று யாரும் கிட்டே போகவில்லை. நாலாம் நாள், ஊர் அறுவடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, உளியும் குறடும் எடுத்துக்கொண்டு நான் தனியாகப் போனேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உச்சிவெயிலில் மரத்தைச் சுற்றிச் சுற்றி மண்டியிட்டேன். எது உங்கள் அம்மாவுடையது என்று தெரியவில்லை. ஒன்று விடாமல் பிடுங்கினேன்.