இரஞ்சிதம் பதிந்த கஞ்சா லேகியம்

முள்ளியவளையில் எவராவது ஒரு மேசையைப் போட்டுப் பேனையைத் திறந்தால் போதும், வரிசையில் முதல் ஆளாக இரஞ்சிதம் நிற்பாள். "முதல் பதிவம், என்னத்துக்கெண்டு பிறகு கேப்பம்" என்பது அவளுடைய கொள்கை. சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பிய பிறகு தறப்பாள், தகரம், கோழிக்குஞ்சு, கழிப்பறை எல்லாம் அப்படி வந்தவைதான். ஒருமுறை அழகுக்கலைப் பயிற்சி என்று தெரியாமல் பதிந்து, மூன்றாம் நாள் புருவத்தை வழித்துக்கொண்டு வந்தாள். அதை விடுவோம்.

அன்று சித்த மருந்தகத்தில் வரிசையைக் கண்டதும், சைக்கிளைச் சாத்திவிட்டுக் குடும்ப அட்டைப் பிரதியோடு புகுந்துவிட்டாள்.

"அம்மா, இது கஞ்சா சேர்ந்த லேகியத்துக்குப் பதிவு. தீராத நோ உள்ள ஆக்களுக்கு மட்டும்" என்றார் மேசையிலிருந்த வைத்தியர் சுதாஜினி. "நோயாளியும் பராமரிக்கிற ஆளும் நேரில வரோணும். மருந்தைப் பூட்டி வைச்சு அளவாக் குடுக்கிறது பராமரிக்கிறவரின்ர பொறுப்பு."

இரஞ்சிதத்துக்கு உடனே வீட்டு நினைவு வந்தது. அவளுடைய புருசன் பரமலிங்கம் சண்டையில் இடுப்பில் பாய்ந்த செல் குண்டுத் துண்டோடு எத்தனை வருசமாகக் கிடந்து மாய்கிறான்! இப்போது நோ கூடிச் சாப்பாட்டையும் குறைத்துவிட்டான். ஆள் இப்படியே போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். ஆனால் கஞ்சா என்று சொன்னால் மனிசன் வருமா? பெயரை எழுதினாலே பொலிஸ் வரும் என்று நடுங்குகிற ஆள்.

வீட்டுக்குப் போய், "வோட்டர் பம்ப் குடுக்கினமாம். குடும்பத் தலைவர் நேரில வரோணுமாம்" என்றாள்.

"மருந்தகத்திலயோ பம்ப்?"

"கட்டடம் அவையின்ர. திட்டம் வேற ஆக்களின்ர."

வன்னியில் இதை யார் நம்பமாட்டார்கள்? கோயில் மண்டபத்தில் ஆடு கொடுத்த ஊர் இது.

மறுநாள் ஓட்டோவில் போனார்கள். "ஐயா, நோ எப்பிடி?" என்று சுதாஜினி கேட்டார்.

பரமலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினான். நோயாளிக்கு எவன் பம்ப் கொடுப்பான்? "நோவோ? எனக்கோ? ரெண்டு ஏக்கர் தனியச் செய்வன், பிள்ளை!"

"அப்ப பதியேலாதே, ஐயா."

இரஞ்சிதம் அவன் கையில் கிள்ளினாள். பலத்தை இன்னும் காட்டச் சொல்கிறாள் என்று விளங்கிக்கொண்ட பாவி, "பாருங்கோ" என்று சடாரென்று குந்தினான். குந்தியவன் எழும்பவில்லை. "ஐயோ அம்மா!" என்ற சத்தம் றோட்டுவரைக்கும் கேட்டது.

இரண்டு பேர் தூக்கிக் கதிரையில் இருத்தினார்கள். இரஞ்சிதத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"பம்பும் இல்லை, கிம்பும் இல்லை! நான்தான் பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனான். இது கஞ்சா போட்ட மருந்து, நோவுக்கு. பொலிஸ் வராது. வேண்டாமெண்டால் எழும்பிப் போங்கோ!"

எழும்ப முடிந்தால்தானே போவதற்கு.

சுதாஜினி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. இரவில எத்தினை மணித்தியாலம் நித்திரை?"

பரமலிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "ரெண்டு" என்றான். பிறகு மனைவியின் பக்கம் கையைக் காட்டினான். "இவாவுக்கும் ரெண்டுதான், அதையும் எழுதுங்கோ. நான் நோவில எழும்பி இருந்தால் இவா கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடப்பா, நான் கவலைப்படக் கூடாதெண்டு. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

இரஞ்சிதத்துக்கு அழுகை வந்துவிட்டது.

"கதையை விட்டிட்டுக் கையெழுத்தை வையுங்கோ" என்றாள்.